ஐம்பது கேபிக்குள் அடங்காதவர்கள்

வேலைக்கான இணையப் படிவங்களை எளிமையாக்கச் சொல்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று ஒரே கட்டுரையில் தீர்ப்பு எழுதிவிட்டார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். அவர் பெயர் வேண்டாம். இந்த வாதம் அவருடைய தனிச் சொத்து இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். அவர் செய்த ஒரே புதுமை, எங்கள் கோடியக்கரையைச் சாட்சிக்கு இழுத்ததுதான். முன்பெல்லாம் ஒரு விண்ணப்பத்துக்கு நாகப்பட்டினம் போக வேண்டும், தஞ்சாவூர் போக வேண்டும். இன்றைக்குத் தரை முடிகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவனும் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கிறான், இதற்கு மேல் என்ன வசதி வேண்டும் என்கிறார். நடுவில் ‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலியும் வந்துவிடுகிறாள். இருட்டில் தனியாகக் கடலில் படகு விட்டவளின் ஊர்க்காரர்களுக்கு ஒரு படிவம் மலையா என்று கேலி.

பூங்குழலியிடம் பிறகு வருகிறேன். முதலில் ஊர். வேதாரண்யத்தில் பஸ் ஏறி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டி, கோடியக்காட்டின் வழியே வந்தால் கோடியக்கரை. வெளியூர்க்காரர்கள் வெளிமானையும் பூநாரையையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். இருப்பவர்களுக்கு உப்பளம், படகு, கருவாடு, கிடைத்த கூலி. காடு 1967-இல் சரணாலயம் ஆனது. 2002-இல் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. அந்தக் காட்டைக் காக்கும் வேலைக்கு எங்கள் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளம்படியைப் பார்த்தே வெளிமானா புள்ளிமானா என்று சொல்கிறவர்கள் அவர்கள். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4-க்குள் வந்தன. அந்த அறிவிப்பில் மொத்தம் 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். காட்டுக்குள் போக எங்கள் பிள்ளைகளுக்கு வழி தெரியும். காட்டு வேலைக்குப் போக ஒரு படிவத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

அதிகாரியின் தலையாய வாதம், படிவம்தான் முதல் தேர்வு என்பது. அதைச் சரியாக நிரப்பத் தெரியாதவன் அரசு ஆவணத்தை எப்படிக் கையாளுவான் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தத் தேர்வின் கேள்வித்தாளைப் பார்க்கலாம். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள். வங்கித் தேர்விலிருந்து ஆணையத் தேர்வு வரை பல படிவங்களில் இதே கணக்குத்தான். ஒரு சாதாரணக் கைப்பேசி எடுக்கும் படம் மூவாயிரம், நாலாயிரம் கேபி. அதை நூறில் ஒரு பங்காக்க வேண்டும். முகமும் தெரிய வேண்டும். 19 கேபிக்கு இறங்கிவிட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். குரூப் 4-இல் பெரும்பாலான பணிகளுக்குக் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எந்தப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இது இருக்கிறது? ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் பணிக்காலத்தில் எத்தனை முறை இந்த வித்தையைக் காட்டப்போகிறார்? வந்த படத்தை வாங்கிக்கொண்டு வேண்டிய அளவுக்குச் சுருக்கிக்கொள்வது கணினிக்கு நொடி வேலை. வாட்ஸ்அப் அதை நம்மைக் கேட்காமலே தினமும் செய்கிறது. இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மனிதன் தலையில் கட்டி, அதற்குத் தகுதித் தேர்வு என்று பெயரும் சூட்ட, நிஜமாகவே நீண்ட அரசுப் பணி அனுபவம் வேண்டும்.

இந்தத் தேர்வில் யார் தோற்கிறார்கள் என்பதற்கு ரயில்வே சாட்சி இருக்கிறது. 2019-இல் அடிநிலைப் பணிகளுக்கு 1,03,769 இடங்களை அறிவித்தார்கள். தண்டவாளப் பராமரிப்பு போன்ற வேலைகள். ஒரு கோடியே 15 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் புகைப்படமோ கையொப்பமோ செல்லாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் 4.85 லட்சம் பேர். இதே வேலைக்கான உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 35 கிலோ சுமையை இடையில் இறக்காமல் 100 மீட்டர் தூரம் 2 நிமிடத்தில் கொண்டுபோக வேண்டும். உப்பளத்தில் தலைச்சுமை எடுத்துப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தச் சுமையைத் தொடுவதற்கு முன்பே ஒரு படக்கோப்பு அவர்களைக் கீழே தள்ளிவிட்டது. முறையீடுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் படத்தையும் கையொப்பத்தையும் மறுபடி ஏற்ற ரயில்வே ஒரு வாய்ப்பைத் திறந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தகுதியில்லாதவர்கள் என்றால் ஏன் திறந்தார்கள்? ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தால் குறை கால்களில் இல்லை, தரையில் என்பது ரயில்வேக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்தாவது உறைத்தது. அதிகாரிக்கு இன்னும் உறைக்கவில்லை.

சரி, படிவம் கஷ்டமென்றால் தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் இருக்கிறதே, இ-சேவை மையம் இருக்கிறதே, கொஞ்சம் காசு கொடுத்தால் முடிந்தது என்கிறார் அடுத்த பத்தியில். இந்தப் பத்தி முந்தைய பத்தியின் கழுத்தை அறுக்கிறது, எழுதியவர் கவனிக்கவில்லை. படிவம் ஒரு தேர்வு என்றால் அதை எழுதுவது யார்? சென்டரில் இருக்கும் தம்பி. அவர் எல்லாருக்கும் எழுதுகிறார், எல்லாரையும் தேர்ச்சி பெறவும் வைக்கிறார். பரீட்சை எழுத வேறு ஆளை அமர்த்தினால் போலீஸ் வரும். இந்த முதல் பரீட்சைக்கு மட்டும் ஆளை அமர்த்திக்கொள்ளச் சொல்லி ஓய்வுபெற்ற அதிகாரியே யோசனை சொல்கிறார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசித் தேதியில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி நிரப்பியதும் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதல் பக்கத்துக்குத் துரத்தும். அவசரத்தில் தன் மின்னஞ்சலையே போட்டுவிடுவார், தன் எண்ணையே கொடுத்துவிடுவார். கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை டிக் பண்ணாமல் விட்டால் அதுவும் போயிற்று. இத்தனையும் ஆணையத்துக்குத் தெரியும். விண்ணப்பத்தில் பிழை நேர்ந்தால் தாங்கள் விண்ணப்பித்த இணைய மையத்தைக் குற்றம் சாட்டக்கூடாது, முழுப் பொறுப்பும் விண்ணப்பதாரருடையதே என்று டிஎன்பிஎஸ்சி தன் அறிவிக்கைகளில் எச்சரிக்கிறது. படிவத்தை நிரப்புவது இன்னொருவர் கை என்று தெரிந்தே எழுதிய எச்சரிக்கை இது. கடினமான படிவம் தகுதியில்லாதவரை வடிகட்டுவதில்லை. ஏழையை இன்னொருவர் கையை வாடகைக்கு எடுக்க வைக்கிறது. அந்தக் கை செய்த தப்புக்கு அவரையே தண்டிக்கிறது. அதிகாரிக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசித் தேதி முடிந்த பிறகு விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்ள இப்போது டிஎன்பிஎஸ்சி மூன்று நாள் தருகிறது. நல்ல காரியம். படிவத்தைக் குறை சொன்னவர்கள் சோம்பேறிகள் என்றால், அந்தக் குறையைக் கேட்டுத் திருத்த நாள் ஒதுக்கியவர்களை என்னவென்று அழைப்பது என்பதை அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் தலைப்பெழுத்து. இது உலகம் அறியாத ரகசியம் இல்லை. ஆனாலும் வடக்கிலோ வெளிநாட்டிலோ வார்த்த படிவம் ஒவ்வொன்றும் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை நீட்டும், இரண்டும் கட்டாயம் என்று சிவப்புப் புள்ளியும் வைக்கும். கடைசிப் பெயரில் ஒற்றை எழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பும். அப்பா பெயரை முழுதாகப் போட்டால் மதிப்பெண் பட்டியலோடு பொருந்தாது. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால். ஒரே ஆள் மூன்று பெயர்களில் நிற்பார். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் ஓட வேண்டும். பிரிட்டிஷ் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்பு விதிகள் பெயருக்கு ஒரே பெட்டி போதும் என்று பரிந்துரைக்கின்றன. ஆண்டுவிட்டுப் போனவர்களே அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டார்கள்.

மாவட்டம் இன்னும் வேடிக்கை. வேதாரண்யம் வட்டாரம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகை காயிதே மில்லத் மாவட்டம். 1997-இல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது வெறும் நாகப்பட்டினம். 2020-இல் மயிலாடுதுறை தனியே பிரிந்தது. 1994-இல் கோடியக்கரையில் பிறந்தவரின் சான்றில் உள்ள மாவட்டம் இன்றைய எந்தப் பட்டியலிலும் இல்லை. சான்றில் உள்ளபடியே நிரப்பவும் என்று மேலே கட்டளை. கீழே இறங்கும் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. வேறு ஏதாவது இருந்தால் எழுதுக என்று ஒரு வெற்றுப் பெட்டி வைக்க எவ்வளவு செலவாகும்?

இதோடு முடிந்ததா? வருவாய்த்துறை இணையத்தில் தந்த சாதிச் சான்றிதழை அச்செடுத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி சுருக்கி, இன்னொரு துறைக்கு ஏற்ற வேண்டும். அரசு கொடுத்த தாளை அரசிடமே காட்ட இடையில் ஒரு ஜெராக்ஸ் கடை. சான்றிதழ்களை இணையத்திலேயே வைத்துக் காட்ட டிஜிலாக்கர் வந்தது 2015-இல். சிங்கப்பூர் 2016-இல் தொடங்கிய மைஇன்ஃபோ, அரசிடம் ஏற்கெனவே உள்ள விவரங்களை ஆளின் சம்மதத்தோடு படிவத்தில் தானே நிரப்பிவிடுகிறது. இங்கே கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் கூரையோடு தாளும் போன வீடுகள் வேதாரண்யம் வட்டாரத்தில் எத்தனையோ. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் அசல் சான்றிதழைத் தெளிவாக ஸ்கேன் செய்யத் தெரியவில்லையா என்று கேட்பதற்கு ஒரு தனி மனத்திடம் வேண்டும்.

இனி அதிகாரி மிகவும் அலட்சியமாகக் கடந்துபோன இடம். மாற்றுத்திறனாளிகளுக்காகப் படிவத்தை மாற்றுவது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலருக்காகக் கோடிகளைக் கொட்டுவது என்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். யாருடைய கைவிரல்கள் இவை? அரசுப் பணியில் அவர்களுக்கு 4 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. இடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தைக் கேட்கும் தாளை அவர்கள் படிக்க முடியாதபடி வைத்தால் அந்த ஒதுக்கீடு யாருக்கு?

பார்வையற்றவர் கணினியைக் காதால் வாசிக்கிறார். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். படிவத்தில் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ‘தந்தை பெயர்’ என்று எழுதியிருப்பது கண்ணுள்ளவருக்குத் தெரியும். நிரலில் அந்த எழுத்தைப் பெட்டியோடு இணைத்துவைக்க மறந்திருந்தால், மென்பொருளுக்குத் தெரிவது ஒரு வெற்றுப் பெட்டிதான். ‘எடிட், பிளாங்க்’ என்று சொல்லும். அடுத்த பெட்டிக்குப் போனால் அங்கேயும் ‘எடிட், பிளாங்க்’. முப்பது பெட்டிகளுக்கும் இதே பாட்டு. இணைத்துவைக்க ஒரு பெட்டிக்கு ஒரு வரி நிரல் போதும். அதிகாரி சொல்லும் கோடிகள் இந்த ஒரு வரிக்குத்தானா?

கேப்சா இன்னொரு கொடுமை. கோணலாக எழுதிய எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் மனிதர் என்று நம்புமாம். பார்க்க முடியாதவர் மனிதர் இல்லை என்பது அதன் மறுபக்கம். பிழையான பெட்டியைச் சிவப்பாக்கி மட்டும் காட்டினால் நிறம் பிரித்தறியாதவருக்கும் தெரியாது, காதால் வாசிப்பவருக்கும் தெரியாது. அறிவிக்கையை ஸ்கேன் செய்து படமாகப் போட்டால் அது மென்பொருளுக்கு ஒரு வெள்ளைத் தாள்.

இது தயவைக் கேட்கும் விஷயமும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42-ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்பம் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு விதிகள் 2009-லேயே வந்துவிட்டன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண், கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டும் என்று சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில், எண்மச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டினால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும் சரிபார்ப்பால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல் போன, அமிலத் தாக்குதலிலிருந்து மீண்டவர்கள் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆர்.மகாதேவன் நமது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். அதிகாரி படிக்க இதைவிட அருகில் என்ன சான்று வேண்டும்?

கண் தெரியாதவர் குமாஸ்தா வேலையில் என்ன செய்வார் என்ற கேள்வி கட்டுரையின் வரிகளுக்கிடையே தொங்குகிறது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் முழுப் பார்வையின்மையோடு 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தூதரகத்தில் செய்ய முடிகிறதைத் தாலுகா ஆபீசில் செய்ய முடியாதா?

மேலும், எளிய படிவம் மாற்றுத்திறனாளிக்கு மட்டும் உதவுவதில்லை. உப்பு வெள்ளையின் கூச்சத்தில் வருஷக்கணக்காக நின்று பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். வெட்டவெளியில் கீறல் விழுந்த திரையைப் பார்ப்பவருக்கு வெளிர்சாம்பல் எழுத்து தெரியாது. உப்பிலும் வலைக்கயிற்றிலும் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காது. ஆதாரோடு இணைத்த எண் கைமாறிப் போயிருந்தால் ஓடிபி யாருக்கோ போகும். அதை மாற்ற வேதாரண்யம் போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி பெருமைப்பட்ட கோடியக்கரையில் நடப்பது இதுதான்.

இப்போது பூங்குழலி. அவளை மேற்கோள் காட்டுகிறவர் நாவலை முழுதாகப் படித்திருக்கலாம். கல்கியின் பொன்னியின் செல்வனில் பூங்குழலிக்கு அத்தைகள் இருவர். மந்தாகினிக்கும் காது கேட்காது, பேச்சு வராது. வாணி அம்மைக்கும் அப்படியே. அருள்மொழிவர்மனைக் காவேரியிலிருந்து காப்பாற்றியவளும், இலங்கையில் ஆபத்துகளிலிருந்து மீட்டவளும் அந்த மந்தாகினிதான். சோழ அரசுக்கு அவளைவிடப் பெரிய பணி செய்தவர் கதையில் யார்? அவள் இன்று விண்ணப்பித்தால், சரிபார்க்க உங்கள் எண்ணுக்கு அழைக்கிறோம் என்று ஒரு குரல் வரும். எடுக்கவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். கோடியக்கரைக்கு இலக்கியச் சாட்சி தேடியவருக்குப் படகு விட்டவள் மட்டும் கண்ணில் பட்டாள்; அவள் குடும்பத்திலேயே இருந்த இருவரைக் காணவில்லை. நம் படிவங்களைச் செய்தவர்களுக்கும் இதே பார்வைக் கோளாறுதான்.

மனம் இருந்தால் படிவத்துக்கும் கற்பனை வரும் என்பதற்கு வங்கித் தேர்வே உதாரணம். ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் இடது பெருவிரல் ரேகை கேட்கிறார்கள். அது இல்லையென்றால் வலது பெருவிரல், பெருவிரல்களே இல்லையென்றால் மற்ற விரல்கள், கைவிரலே இல்லையென்றால் கால்விரல் என்று வரிசையாக யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். கேட்டதால் படிவம் குலைந்துபோகவில்லை. தேர்வும் வருஷம் தவறாமல் நடக்கிறது.

கடைசி வாதத்துக்கு நிறைய இடம் தேவையில்லை. படிவம் சுலபமானால் இருபது லட்சம் நாற்பது லட்சமாகிவிடும் என்று பயப்படுகிறார். ஆகட்டுமே. தேர்வு நடத்துவது எதற்கு? ஆறாயிரம் இடத்துக்கு இருபது லட்சம் பேர் வருவது வேலையில்லாத் திண்டாட்டத்தின் கணக்கு. அதைக் கேபி வைத்துக் குறைக்க முடியாது. கூட்டத்தைக் குறைக்க வாசல்படியில் எண்ணெய் ஊற்றுகிறவர், வழுக்கி விழுந்தவர்களுக்குப் புத்திமதி சொல்லும் வேலையையாவது விட்டுவிட வேண்டும்.

அதிகாரிக்கு ஓர் அழைப்பு. அடுத்த குரூப் 4 அறிவிப்பு வரட்டும். கோடியக்கரைக்கு வாருங்கள். சென்டர் வேண்டாம், மடிக்கணினி வேண்டாம். இங்கே பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கைப்பேசி தருகிறோம். திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுவிட்டுத் திரையை அணைத்துவிடுவோம். காதால் கேட்டுக்கொண்டே, உங்கள் தலைப்பெழுத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்து, படத்தை ஐம்பது கேபிக்குள் நீங்களே இறக்கி, நேரம் முடிவதற்குள் சமர்ப்பியுங்கள். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய். இரண்டையும் நான் கட்டுகிறேன்.